மீன்கடைப் பக்கத்தில் எமோஜி: கட்டமும் கேள்விக்குறியும் வராமலிருக்க

கடலூர் முதுநகர் மீன்கடைக்கு ஒரு விலைப்பட்டியல் பக்கம் செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 🐟 எல்லோருக்கும் தெரிகிறது. 🦞 போட்டால் சிலருடைய பழைய கைபேசியில் வெறும் கட்டம். எமோஜி படமல்ல, எழுத்து. ‘அ’வுக்கு இருப்பதுபோல் ஒவ்வொன்றுக்கும் யூனிகோடில், அதாவது உலக எழுத்துகளுக்கு எண் தரும் பொதுப் பட்டியலில், ஓர் எண் உண்டு. அந்த எண் மட்டுமே போய்ச் சேரும். உருவத்தை வரைவது பார்ப்பவரின் கருவியிலுள்ள எழுத்துரு. 🐟 2010-இலும் 🦞 2018-இலும் யூனிகோடுக்கு வந்தவை. வஞ்சிரம், சங்கரா, மத்தி மூன்றுக்கும் தனித்தனி எமோஜி கிடையாது என்பதால் மீன் பெயரை எழுத்தில் எழுதியே ஆக வேண்டும்.

விண்டோஸில் விண்டோஸ் விசையுடன் முற்றுப்புள்ளியை அழுத்தினால் எமோஜிப் பலகை வரும். மேக்கில் கன்ட்ரோல், கமாண்ட், ஸ்பேஸ் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். எமோஜியை ஏற்காத எடிட்டர் என்றால் 🐟 என்று எண்ணாகவே அடிக்கலாம்; உலாவி அதை 🐟 ஆக்கிவிடும். கோப்பை யூடிஎஃப்-8 (யூனிகோடு எண்களைப் பைட்டுகளாக எழுதும் முறை) ஆகச் சேமித்து, அதைச் சொல்லும் மெட்டா வரியை (<meta charset="utf-8">) பக்கத்தின் முதல் 1024 பைட்டுக்குள் வையுங்கள்.

அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் தரவுத்தளம். யூடிஎஃப்-8இல் தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் 3 பைட், 🐟 4 பைட். மைஎஸ்கியூஎல் (MySQL) என்ற தரவுத்தள மென்பொருளின் பழைய ‘யூடிஎஃப்8’ (utf8) வகை 3 பைட் வரைதான் தாங்கும். தமிழ் ஒழுங்காகச் சேமிக்கப்படுவதால் கோளாறு கண்ணில் படாது. வாடிக்கையாளர் முதல் எமோஜியைப் போட்டதும் பிழை வரும், அல்லது எமோஜியிலிருந்து மீதி வாக்கியமே காணாமல் போகும். அட்டவணை, நெடுவரிசை, தளம் தரவுத்தளத்தோடு பேசும் இணைப்பு மூன்றையும் ‘யூடிஎஃப்8எம்பி4’க்கு (utf8mb4) மாற்றுங்கள். இணைப்பை மறந்தால் எமோஜி இருந்த இடத்தில் கேள்விக்குறிதான் மிஞ்சும். அப்படிப் போனதை மீட்க முடியாது. மாற்றத்துக்கு முன் நகல் எடுத்துவையுங்கள்.

‘மீ’ என்பது ‘ம’வும் துணைக்குறியும் சேர்ந்தது அல்லவா? 👨‍👩‍👧 அதேபோல மூன்று எமோஜிகளை, கண்ணுக்குத் தெரியாத இரண்டு ஒட்டுக்குறிகள் கோத்து வருவது. உலாவியில் ஓடும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்ட் இதன் நீளத்தை 8 என்று எண்ணும்: எமோஜி ஒவ்வொன்றும் 2, ஒட்டுக்குறி ஒவ்வொன்றும் 1. முன்னோட்டத்துக்காக வரியை நடுவில் வெட்டினால் குடும்பம் பிரிந்துவிடும்.

புதுச்சேரி விடுதிப் பக்கங்களுக்குத் தனியாக ஒன்று: பிரெஞ்சு மொழிக்கு மாற 🇫🇷 மட்டும் வைக்காதீர்கள். விண்டோஸின் எழுத்துருவில் நாட்டுக் கொடிகள் இல்லாததால், பல உலாவிகளில் இரண்டு ஆங்கில எழுத்துகளே தெரியும். ‘பிரெஞ்சு’ என்று எழுதிவிடுங்கள்.

பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான் எமோஜியின் பெயரையும் வாசிக்கும். 🐟🐟🐟 என்று அடுக்கினால் அவர் விலையைக் கேட்குமுன் மூன்று முறை மீன் பெயரைக் கேட்க நேரிடும். அலங்காரத்துக்கு வைத்த எமோஜியை ஸ்பான் (<span>) உறைக்குள் போட்டு ‘ஏரியா-ஹிடன்’ (aria-hidden) பண்புக்கு ‘ட்ரூ’ (true) கொடுங்கள். எழுத்தில் சொல்லாத பொருளை எமோஜி சொல்கிறது என்றால், அந்த ஸ்பானுக்கு ‘ரோல்’ (role) பண்பில் ‘இமேஜ்’ என்பதன் சுருக்கக் குறியான img-ஐயும், ‘ஏரியா-லேபிள்’ (aria-label) பண்பில் தமிழ்ப் பெயரையும் சேர்க்க வேண்டும்.