முதலில் ஃபிளாக்கைப் பிடுங்கட்டும், பிளே எல்லாம் அப்புறம்

சின்னப் பிள்ளைகளின் ஃபிளாக் ஃபுட்பால் (ஆளைப் பிடித்து விழத்தட்டாமல், இடுப்புப் பெல்ட்டில் தொங்கும் ஃபிளாக் என்ற பட்டையைப் பிடுங்கி ஓட்டத்தை நிறுத்துகிற அமெரிக்க ஃபுட்பால்) அணிக்குக் கோச்சாக மாட்டிக்கொண்டவர்கள் முதலில் செய்கிற வேலை, ஒரு நோட்டை எடுத்து இருபது பிளே, அதாவது யார் எங்கே ஓட வேண்டும் என்ற திட்டம், வரைவதுதான். நானும் வரைந்தேன், வட்டம், அம்புக்குறி, மூன்று வண்ண ஸ்கெட்ச் பேனா என்று. முதல் மேட்சில் அதில் ஒன்றுகூட ஓடவில்லை. பாதி ஸ்னாப் (ஆட்டத்தைத் தொடங்க, நடுவில் நிற்கும் சென்டர் பின்னால் அனுப்பும் பந்து) அதை வாங்கி எறிய வேண்டிய குவார்ட்டர்பேக் கைக்கே வந்து சேரவில்லை, எதிரணிப் பையன் பந்தோடு ஓடினால் எங்கள் ஐந்து பேரும் அவன் முகத்தைப் பார்த்தபடி கூடவே ஓடினார்களே தவிர ஒருத்தர் கையும் ஃபிளாக்கில் படவில்லை. அதற்குப் பிறகு என் வரிசை மாறிவிட்டது. ஃபிளாக் பிடுங்குவது, ஸ்னாப், பந்து பிடிப்பது, எறிவது, கடைசியில்தான் பிளே.

விதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் ஐந்துக்கு ஐந்து ஆட்டம். தள்ளுவது, மோதுவது, மறித்து முட்டுவது எதுவும் கிடையாது, இடுப்பு ஃபிளாக்கைப் பிடுங்கினால் ஓட்டம் முடிந்தது. பாதி மைதானம் தாண்ட 4 டவுன், அதாவது 4 முயற்சி, தாண்டிவிட்டால் டச் டவுனுக்கு (பந்தோடு எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டுவதற்கு) இன்னொரு 4. டச் டவுனுக்கு 6 புள்ளி. பந்து தரையில் விழுந்தால் அந்த முயற்சி அங்கேயே முடிந்துவிடும். குவார்ட்டர்பேக்கை நோக்கிப் பாய்கிறவர், பந்து வைத்த கோட்டிலிருந்து 7 யார்டு தள்ளி நின்றுதான் கிளம்ப வேண்டும். இதெல்லாம்கூட லீக்குக்கு லீக் கொஞ்சம் மாறும், விதிப் புத்தகத்தை முதல் பயிற்சிக்கு முன்பே படித்துவிடுங்கள். 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் இந்த ஆட்டம் வருகிறது என்று பிள்ளைகளிடம் ஒரு தடவை சொல்லிப் பாருங்கள், அன்றைக்குப் பயிற்சி வேறு மாதிரி இருக்கும்.

இப்போது ஃபிளாக். பிள்ளைகளின் கண் தானாகவே ஓடுகிறவரின் முகத்துக்கோ பந்துக்கோ போய்விடும், அங்கேதான் ஏமாறுகிறார்கள். தலையை ஒரு பக்கம் ஆட்டிவிட்டு மறுபக்கம் ஓடலாம், தோளையும் அப்படியே செய்யலாம், ஆனால் இடுப்பு போகிற பக்கம்தான் ஆள் போக முடியும். "இடுப்பைப் பார்" என்று ஒரே வாக்கியத்தைத் தொண்டை வற்றும்வரை சொல்லுங்கள். வேகமாக ஓடி வந்து, இரண்டு மூன்று எட்டு இருக்கும்போது அடிகளைச் சுருக்கி, முழங்காலை மடக்கி, இரண்டு கைகளும் முன்னால் இருக்க நிற்க வேண்டும். பாய்ந்து விழுகிற பையன் பார்க்க வீரமாக இருப்பான், எழுந்து பார்த்தால் கையில் புல்தான் இருக்கும். ஓடுகிறவரை எல்லைக்கோட்டுப் பக்கமாக ஒதுக்கிக்கொண்டு போகவும் சொல்லிக்கொடுங்கள், கோட்டைத் தாண்டிவிட்டால் பிடுங்கவே வேண்டாம்.

இதற்குப் பயிற்சி சுலபம். 5 யார்டு அகலம், 10 யார்டு நீளத்தில் கோன் வைத்து ஒரு சந்து மாதிரி அமையுங்கள், ஒருத்தர் பந்தோடு ஓடட்டும், எதிரில் ஒருத்தர் நிற்கட்டும். கை பழகியதும் அகலத்தைக் கூட்டுங்கள். கடைசி ஐந்து நிமிடம் எல்லோரையும் ஒரு சதுரத்துக்குள் விட்டு, தன் ஃபிளாக்கைக் காப்பாற்றிக்கொண்டே மற்றவர்களுடையதைப் பிடுங்கச் சொல்லுங்கள். வீட்டுக்குப் போக மனமே வராது அவர்களுக்கு. ஆனால் ஒன்று, கையால் ஃபிளாக்கை மறைப்பதும் எதிராளி கையைத் தட்டிவிடுவதும் பெனால்டி. உடம்பை வளைத்து, திடீரென்று திசை மாற்றித் தப்பிக்கும் பழக்கத்தை இந்த விளையாட்டிலேயே கொண்டுவந்துவிடுங்கள்.

ஸ்னாப்பை யாரும் மதிப்பதில்லை, எங்களுக்கு அதிக டவுன்களைத் தின்றதே அதுதான். குவார்ட்டர்பேக் மூன்று நான்கு யார்டு பின்னால் நின்று, கைகளை நெஞ்சுக்கு முன்னால் இலக்காகக் காட்டட்டும். ஒவ்வொரு பயிற்சியும் இருபது ஸ்னாப்போடு தொடங்கட்டும். இரண்டு சென்டர்களைத் தயார்செய்யுங்கள், ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் தெரியும் அருமை. சென்டராக நிற்க ஒருவரும் வரமாட்டேன் என்கிறார்களா? ஸ்னாப் கொடுத்த கையோடு ஓடிப்போய் பாஸ் வாங்கலாம் என்று சொல்லுங்கள், வரிசை கட்டி வருவார்கள்.

பிடிப்பதில் நெஞ்சுக்கு மேலே வரும் பந்துக்குக் கட்டைவிரல்கள் இரண்டும் சேர்ந்திருக்க வேண்டும், இடுப்புக்குக் கீழே வந்தால் சுண்டுவிரல்கள். பந்தை நெஞ்சில் வாங்கக் கூடாது, கையில் வாங்கி, கக்கத்தில் இடுக்கும்வரை கண் அதிலேயே இருக்க வேண்டும். பயப்படுகிற பிள்ளைக்கு ஸ்பாஞ்சுப் பந்தில் தொடங்குங்கள். எறிவதில் தவறு பெரும்பாலும் பந்தின் அளவில்தான் இருக்கும். பெரியவர்களின் பந்தைக் கொடுத்தால் பிள்ளை அதைக் குண்டு எறிவதுபோலத்தான் எறியும். வயதுக்கேற்ற சின்னப் பந்து, தையல் மேல் விரல்கள், முழங்கை தோளுக்குக் கீழே இறங்காமல், வலது கைக்காரர் இடது காலை இலக்கு நோக்கி எடுத்துவைத்து. இவ்வளவு போதும், இதற்கு மேல் சொன்னால் குழம்பிப்போவார்கள்.

சரி, பிளே. நான்கு போதும். எல்லாம் ஒரே மாதிரி நின்று தொடங்கட்டும், அப்போதுதான் எதிரணிக்கு முன்கூட்டியே தெரியாது. ஒன்று, பக்கவாட்டில் ஓடி வருகிறவருக்குப் பந்தைக் கையில் கொடுப்பது. வாங்குகிறவர், குவார்ட்டர்பேக் பக்கம் இருக்கிற முழங்கையை மேலே தூக்கி, மறு கையை வயிற்றுக்குக் கீழே வைத்து இடம் கொடுக்க வேண்டும். இரண்டு, அதையே கொடுப்பதுபோல் நடித்துவிட்டு சென்டருக்குச் சின்ன பாஸ். இந்த இரண்டை வைத்தே பாதி சீசன் ஓட்டலாம், ஏனென்றால் முதலாவதை மூன்று தடவை பார்த்த எதிரணி நான்காவது தடவை மொத்தமாக அந்தப் பக்கம் ஓடும், சென்டர் தனியாக நிற்பார். மூன்றாவது, ரிசீவர் (பாஸ் வாங்குகிறவர்) நேராக ஐந்து யார்டு ஓடிச் சட்டென்று எல்லைக்கோட்டுப் பக்கம் திரும்புவது. நான்காவது, ஒருவர் முழு வேகத்தில் நேராக ஓட, இன்னொருவர் ஐந்து யார்டில் நின்று திரும்புவது. இடம் வலம் மாற்றினால் எட்டு ஆகிவிட்டது. பல லீக்குகளில் கோல் கோட்டுக்கு முந்தைய 5 யார்டில் ஓட்டம் செல்லாது, பாஸ்தான், அதற்கு மூன்றாவதை வைத்துக்கொள்ளுங்கள். எண் வேண்டாம், "புலி", "பாம்பு" என்று பிள்ளைகளே பெயர் வைக்கட்டும், மறக்க மாட்டார்கள். குவார்ட்டர்பேக்குக்கு இரண்டே ஆள்: முதலில் இவரைப் பார், இல்லையென்றால் அவர்.

தடுப்புக்கு, பாய்கிற ஒருவர், நடுவில் இருவர், பின்னால் இருவர். பின்னால் நிற்கிறவர்களுக்கு ஒரே கட்டளை, உன்னைத் தாண்டி யாரையும் போக விடாதே. பாய்கிறவருக்கு, கையை உயர்த்து, ஆள் மேல் மோதாதே.

வரிசையில் நான்கு பேருக்கு மேல் காத்திருந்தால் ஐந்தாவது ஆள் புல் பிடுங்கத் தொடங்கிவிடுவார், இரண்டு வரிசையாகப் பிரித்துவிடுங்கள். கூடுதலாக இரண்டு ஃபிளாக் பெல்ட் பையில் இருக்கட்டும். சட்டையை உள்ளே செருகியிருக்கிறார்களா என்று மேட்சுக்கு முன் பாருங்கள். அப்புறம், பாக்கெட் வைத்த ஷார்ட்ஸ் வேண்டாம் என்று பெற்றோரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள், ஃபிளாக்குக்கு நீளும் விரல் அதில் மாட்டிக்கொண்டால் வலி உயிர் போகும்.