வசனம் தெரியும், அதிகாரம் தெரியுமா?

வேதாகமத்தில் எரேமியா 29:11 எனக்கு மனப்பாடம். "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." வேலை, திருமணம், பரீட்சை என்று யார் எதற்கு ஜெபிக்கக் கேட்டாலும் அதைத்தான் எடுத்து நீட்டுவேன்.

ஒருநாள் 28-ஆம் அதிகாரத்திலிருந்து தொடர்ந்து வாசித்தேன். அங்கே அனனியா என்றொரு தீர்க்கதரிசி, பாபிலோன் ராஜா கொண்டுபோன ஆலயப் பாத்திரங்களும் ஜனங்களும் இரண்டே வருஷத்தில் திரும்பி வந்துவிடும் என்கிறான். அடுத்த அதிகாரத்தில், பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா அனுப்பிய கடிதமோ வேறு மாதிரி: வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், 70 வருஷம் ஆகும். நாற்பது வயதில் அதைக் கேட்டவர் ஊர் திரும்பியிருக்கவே முடியாது. நான் இத்தனை நாளும் எரேமியாவின் வசனத்தை வைத்து அனனியாவின் பிரசங்கத்தைச் செய்துகொண்டிருந்தேன்!

வேதத்துக்கு முதலிடம் கொடுக்கிறோம் என்று நினைத்துக்கொண்டே நாம் செய்கிற பெரிய தவறு இதுதான்: வசனத்தை மட்டும் பிடுங்கி எடுப்பது. புதிய ஏற்பாட்டில் இன்று நாம் காணும் வசன எண்களைப் போட்டவர் ராபர்ட் எஸ்தியேன் என்ற அச்சகர், 1551-இல். அப்போஸ்தலரான பவுல் சபைகளுக்கு எண் போட்டு எழுதவில்லை. கடிதம் எழுதினார், சபை அதை முழுதாகக் கேட்டது. அவர் எழுதிய பிலிப்பியர் நிருபத்தை உரக்க வாசித்தால் அரை மணி நேரம்கூடப் பிடிக்காது. ஒரு வாரம் தினமும் அதையே வாசித்துப் பாருங்கள். "எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு" என்றவர் சிறையில் இருந்தார் என்பதும், அதற்கு முந்தைய வசனத்தில் பட்டினியைப் பற்றிப் பேசுகிறார் என்பதும் தானாகப் பிடிபடும்.

ஒரே வருஷத்தில் 1,189 அதிகாரங்களையும் முடிப்பேன் என்று கிளம்பி, மூன்றாம் புத்தகமான லேவியராகமத்திலேயே நின்றுபோய், குற்ற உணர்வில் வேதத்தையே மூடி வைப்பது இன்னொரு தவறு. மெதுவாகப் போனால் என்ன, யார் கேட்கப்போகிறார்கள்?

சரி, சபைக்கு வருவோம். பிரசங்கத்துக்கு முன் வேதபாகம் வாசிக்கப்படுகிறது. அப்புறம் பிரசங்கம் தன் வழியே போய்விடுகிறது. அந்தப் பாகத்தை எடுத்துவிட்டாலும் அதே பிரசங்கத்தைச் செய்ய முடியும் என்றால், அது முகவுரைக்கு மட்டும் பயன்பட்டிருக்கிறது. நெகேமியா 8-இல் வேதபாரகரான எஸ்றா விடியற்காலம் தொடங்கி மத்தியானம்வரை வாசித்தார். ஆலயப் பணி செய்யும் லேவியர் அர்த்தம் சொல்லி விளங்கவைத்தார்கள். நாமோ நேரம் போதாவிட்டால் முதலில் வெட்டுவது வேத வாசிப்பைத்தான், அறிவிப்புகளை அல்ல.

"போதகரே சொல்லிவிட்டார்" என்று விட்டுவிடுவதும் விசுவாசம் போலத்தான் தெரியும். ஆனால் பவுல் சொன்னதையே தினமும் ஆராய்ந்து பார்த்த பெரோயா ஊராரை அப்போஸ்தலர் 17:11 பாராட்டுகிறது. கேள்வி கேட்பவரைக் கலகக்காரராகப் பார்க்கும் போதகர்கள் அந்த வசனத்தையும் பிரசங்கிக்கலாம்.

கடைசியாக, கமிட்டிக் கூட்டம். ஜெபத்தோடு ஆரம்பிக்கிறோம், "இரண்டுபேராவது மூன்றுபேராவது" என்று மத்தேயு 18:20-ஐச் சொல்கிறோம். அதே அதிகாரத்தின் 15-ஆம் வசனம், குற்றம் செய்தவரிடம் முதலில் தனியாகப் போய்ப் பேசு என்கிறது. அதற்குள் விஷயம் பாதிச் சபைக்குத் தெரிந்திருக்கும். சம்பந்தப்பட்டவருக்கு மட்டும் தெரியாது.