முதல் வரியிலேயே பைக்: வேலை விவரம் எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் எங்கள் ஹெச்.ஆர். பிரிவுக்குப் புதிதாக வந்த இருவர் கணக்கு உதவியாளர் பணிக்கு ஜே.டி. (வேலை விவரம்) எழுதிக்கொண்டு வந்தார்கள். மொத்தம் 17 வரி. ஜி.எஸ்.டி. தாக்கல் 11-வது வரியில் கிடந்தது. முதல் வரி: ‘இரு சக்கர வாகனமும் ஓட்டுநர் உரிமமும் அவசியம்.’ படித்ததும் வயிற்றைப் பிசைந்தது. சில வருடங்களுக்கு முன்பு நானும் இதே வரியை எழுதியிருக்கிறேன்.

எழுத்துப்பிழை, சம்பளம் குறிப்பிடாதது போன்றவற்றை யாராவது சுட்டிக்காட்டிவிடுவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

செய்யும் விதத்தையே வேலையாக எழுதுவது

அப்போது திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தில் இருந்தேன். கணக்குப் பிரிவிலிருந்து விலகியவர் வாரம் இரண்டு முறை பைக்கில் போய் பேங்கில் காசோலை போட்டுவிட்டு வருவார். நான் அதையும் தகுதியாக எழுதிவிட்டேன்.

நேர்காணலுக்குக் காலில் நடக்க உதவும் காலிப்பர் அணிந்த ஒரு பெண் வந்திருந்தார். கொள்முதல் பதிவேட்டையும் ஜி.எஸ்.டி. போர்ட்டலில் எடுத்த பட்டியலையும் கொடுத்து, ஒத்துப்போகாத பில்களைக் கண்டுபிடிக்கச் சொன்னோம். 20 நிமிடத்தில் மூன்று பில்களைப் பென்சிலால் வட்டமிட்டுக் கொடுத்தார். மற்றவர்கள் ஒன்றைக்கூடத் தொடவில்லை.

“வண்டி ஓட்டுவீங்களா?” என்று கேட்டேன்.

“இல்லீங்க சார். பேங்குக்கு மட்டும் வேற யாரையாவது அனுப்பிட்டா, மத்ததெல்லாம் நான் பாத்துக்குவனுங்க.”

ஜே.டி.யில் இருக்கிறதே என்று அவரை அனுப்பிவிட்டேன். பைக் வைத்திருந்தவரை எடுத்தோம். நல்ல பையன்தான். ஆனால் தொடர்ந்து மூன்று மாதம் 3பி, அதாவது மாதாந்திர ஜி.எஸ்.டி. கணக்குத் தாக்கல், கடைசி நாளான 20-ஆம் தேதியைத் தாண்டியது. நாளுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், கட்டாத வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. இதில் இன்னும் என்னால் பொறுக்க முடியாதது ஒன்று உண்டு: கம்பெனி டிரைவர் தினமும் அந்த பேங்க் வாசல் வழியாகத்தான் போய்வந்துகொண்டிருந்தார்.

வேலை என்பது பணம் பேங்குக்குப் போய்ச் சேர்வது. பைக் அதற்கு ஒரு வழி, அவ்வளவுதான். ‘பைக் ஓட்ட வேண்டும்’, ‘நின்றுகொண்டே வேலை செய்ய வேண்டும்’ என்று எழுதும்போதெல்லாம் வேலையை விட்டுவிட்டு வழியைப் பிடித்துக்கொள்கிறோம். திறமைசாலிகளுக்கு அங்கேயே கதவு மூடிவிடுகிறது.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் இங்கேதான் வருகிறது. 2017 விதிகளின்படி, 20 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் தனியார் நிறுவனமும் தன் சமவாய்ப்புக் கொள்கையில் மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்ற பணிகளைப் பட்டியலிட வேண்டும். மத்திய அரசு 2021 ஜனவரி 4 அன்று தன் பணிகளுக்கென 3,566 பதவிகள் கொண்ட பட்டியல் வெளியிட்டது. உட்காருதல், நிற்றல், நடத்தல், பார்த்தல், கேட்டல், விரல்களைப் பயன்படுத்துதல் என்று ஒவ்வொரு பதவிக்கும் என்ன தேவை என்பது அதில் தனித்தனியாக இருக்கும். ஜே.டி. எழுத உட்காரும் முன் நாலு பக்கமாவது புரட்டிப் பாருங்கள்.

நேரத்தை மட்டும் பார்த்து எடைபோடுவது

சாயப்பட்டறையில் பாய்லர் பார்ப்பவர் ஷிஃப்ட் முழுக்க அளவுமானியைப் பார்த்தபடி இருப்பார். தண்ணீர் மட்டம் அபாயமாக இறங்குவது வருடத்துக்கு ஒரு முறைகூட நடக்காமல் போகலாம். அந்த நேரத்தில் அடுப்பை நிறுத்தத் தெரிவதுதான் அவருடைய முக்கிய வேலை. கணக்குப் பிரிவில் ஒருவர் நாளுக்கு 30 முறை போன் எடுக்கலாம். அதைப் பக்கத்து மேஜைக்கு மாற்றினால் எதுவும் நின்றுவிடாது. செய்யாமல் விட்டால் என்ன ஆகும், வேறு யாராவது செய்ய முடியுமா என்று இரண்டையும் கேட்ட பிறகு மணிக்கணக்கைப் பாருங்கள்.

‘இதர பணிகள்’ வரிக்குள் முக்கிய வேலையைத் திணிப்பது

கூடாது.

ஆளை நிராகரித்த பிறகு வேலைப் பட்டியலைத் திருத்துவது

விளம்பரம் போகும் முன்பே எழுதி, தேதி போட்டு வையுங்கள். பின்னால் எழுதியதை யாரும் நம்பமாட்டார்கள்.

அந்த இருவரையும் கணக்குப் பிரிவுக்கே அனுப்பி, ஒரு நாள் முழுக்க அங்கே உட்காரச் சொன்னேன். 17 வரி இப்போது ஆறாகியிருக்கிறது. ஜி.எஸ்.டி. முதல் வரிக்கு வந்துவிட்டது. பேங்க் வேலை டிரைவருக்குப் போய்விட்டது. திங்கட்கிழமை விளம்பரம் போகிறது.