வீட்டிலேயே பைக்கிற்குச் சென்டர் ஸ்டாண்டு பொருத்துதல்: கடலோர ஊர்க்காரர்களுக்கான செய்முறை

கச்சான் என்னும் மேற்குக் காற்று வீசும் மாதங்களில் பாம்பன், மண்டபம் பக்கம் சைடு ஸ்டாண்டில் நிறுத்திய பைக் சாய்ந்து கிடப்பது புதிதல்ல. ஸ்டாண்டின் நுனி மணலில் புதைவதும் காற்று ஒரு பக்கமாகத் தள்ளுவதும் சேர்ந்துவிட்டால் வண்டி நிற்காது. அதோடு, உப்புக் காற்றில் செயின் விரைவாகத் துருப்பிடிப்பதால் அதை அடிக்கடி துடைத்து எண்ணெய் விட வேண்டியிருக்கிறது. அதற்குப் பின்சக்கரம் தரையைத் தொடாமல் சுழல வேண்டும். இரண்டுக்கும் உதவுவது, வண்டியை நேராக நிறுத்திப் பின்சக்கரத்தைத் தூக்கிவைக்கும் சென்டர் ஸ்டாண்டு. சென்டர் ஸ்டாண்டு இல்லாமல் வரும் வண்டியை வைத்திருப்பவர்கள் அதைத் தனியாக வாங்கிப் பொருத்திக்கொள்வது ஒரு காலை நேரத்து வேலைதான்.

வாங்கும் முன் வண்டியின் அடியில் குனிந்து பாருங்கள். எஞ்சினுக்குப் பின்னால், சேசிஸின் இருபுறமும் ஸ்டாண்டு மாட்டுவதற்கான துளையுள்ள காதுகள் (நீட்டிய தகடுகள்) இருந்தால் மட்டுமே இந்தச் செய்முறை பொருந்தும். உங்கள் மாடலுக்கென்றே செய்த ஸ்டாண்டையே வாங்குங்கள். வேறு வண்டியின் ஸ்டாண்டு துளைக்குள் நுழைந்தாலும், உயரம் குறைந்தால் சக்கரம் எழாது. கூடினால் வண்டியை ஏற்றுவதற்குள் இடுப்பு விட்டுப்போகும். பெட்டியில் குறுக்குத் தண்டு அல்லது போல்ட், அதன்மேல் அமரும் சிறு குழாயான புஷ், வாஷர், தண்டு கழன்று வராமல் தடுக்கும் ஸ்பிளிட் பின், ஸ்பிரிங், ரப்பர் ஆகியவை உள்ளனவா என்று கடையிலேயே எண்ணிப் பார்த்துவிடுங்கள்.

கருவிகளில் எனக்குச் சில பிடிவாதங்கள் உண்டு. அட்ஜஸ்டபிள் ஸ்பேனர் இந்த வேலைக்கு வேண்டாம். உப்பில் இறுகிய நட்டின் முனைகளை அது மழுக்கிவிடும். ரிங் ஸ்பேனர் அல்லது பாக்ஸ் ஸ்பேனர் போதும். கிரீஸ் மட்டும் மலிவானதாக வேண்டாம். படகு எஞ்சின் சாமான்கள் விற்கும் கடையில், தண்ணீரில் கரைந்து போகாத கிரீஸ் என்று கேட்டு வாங்குங்கள். இரண்டு முழ நைலான் கயிறும் தேவைப்படும். அதற்கு நம் கரையில் பஞ்சமில்லை.

வண்டியைச் சிமென்ட் தரையில் சைடு ஸ்டாண்டில் நிறுத்தி, முதல் கியரில் போட்டு, முன் பிரேக் பிடியைப் பழைய சைக்கிள் டியூப் துண்டால் இறுக்கிக் கட்டுங்கள். சைலன்சர் ஆறிய பிறகு தொடங்குவது நல்லது. காதுகளின் துளைகளில் அடைந்திருக்கும் மணலையும் துருவையும் துடைத்தெடுத்து, புஷ்ஷின் உள்ளும் புறமும் கிரீஸ் தடவி, ஸ்டாண்டைத் துளைகளுக்கு நேராகப் பிடித்துத் தண்டைச் செலுத்துங்கள். போல்ட் வைத்துப் பொருத்தும் வகையாக இருந்தால், புஷ் அது நுழையும் குழாயைவிட மயிரிழை அளவாவது நீளமாக இருக்க வேண்டும். குட்டையாக இருந்தால், நட்டை முறுக்கும்போது ஸ்டாண்டே இறுகி அசைய மறுக்கும். முறுக்கி முடித்தபின் ஸ்டாண்டைக் கையால் ஆட்டிப் பாருங்கள். தடையின்றி ஊசலாட வேண்டும், பக்கவாட்டில் ஆடக் கூடாது. ஸ்பிளிட் பின்னைச் செருகி அதன் இரு கால்களையும் எதிரெதிராக வளைத்துவிடுங்கள்.

அடுத்தது ஸ்பிரிங். எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிக நேரம் பிடித்த வேலை இதுதான். பெரும்பாலோர் ஸ்குரூ டிரைவரால் நெம்பப் பார்ப்பார்கள். அது வழுக்கினால் கை கிழியும், ஸ்பிரிங் தெறித்தால் கண்ணுக்கே ஆபத்து. ஸ்பிரிங்கை மாட்டுவதற்கு முன் ஸ்டாண்டை மேலும் கீழுமாக அசைத்து, ஸ்பிரிங் மாட்டும் இரண்டு கொக்கிகளுக்கும் இடையிலான தூரம் எந்த நிலையில் மிகக் குறைவு என்று பாருங்கள். பெரும்பாலும் ஸ்டாண்டு முழுவதும் மேலே மடங்கிய நிலையாகவே அது இருக்கும். அந்த நிலையில் அதைக் கட்டி வைத்துக்கொண்டு, ஸ்பிரிங்கின் ஒரு முனையைச் சேசிஸ் பக்கம் மாட்டுங்கள். மறுமுனையின் வளைவுக்குள் நைலான் கயிற்றை நுழைத்து, முடிச்சுப் போடாமல் இரட்டையாகப் பிடித்துக்கொள்ளுங்கள். தடித்த கையுறையும் கண்ணாடியும் அணிந்து, ஒரு காலைப் படிக்கட்டிலோ சுவரிலோ ஊன்றி, ஸ்பிரிங் நீளும் திசையிலேயே சீராக இழுத்தால், அதன் வளைவு, ஸ்டாண்டுப் பக்கத்துக் கொக்கியான ஆணியின் தலையைத் தாண்டி வந்து உட்காரும். முகம் அந்த நேர்கோட்டில் இருக்க வேண்டாம். வளைவு ஆணியின் பள்ளத்தில் முழுவதும் இறங்கியதைப் பார்த்தபின் கயிற்றின் ஒரு நுனியை விட்டுவிட்டு மறுநுனியை இழுத்தால் கயிறு உருவிக்கொண்டு வந்துவிடும். முடிச்சுப் போட வேண்டாம் என்றது இதற்காகத்தான்.

பட்டறைகளில் ஸ்பிரிங்கை வைசில் (மேசையில் பொருத்திய இரும்புப் பிடியில்) கடித்து, பக்கவாட்டில் வளைத்து, சுற்றுகளுக்கிடையே வாஷர்களைச் செருகி நீளமாக்கி மாட்டுவார்கள்; ஸ்டாண்டை இறக்கியதும் சுற்றுகள் விரிந்து வாஷர்கள் கீழே விழுந்துவிடும். அருமையான முறைதான், ஆனால் வீட்டில் வைஸ் வைத்திருப்பவர் எத்தனை பேர்?

முதல்முறை ஏற்றும்போது பின்சக்கரத்தை அரை அங்குலப் பலகை ஒன்றின்மேல் உருட்டி நிறுத்தினால் பாதி பாரம் குறையும். ஸ்டாண்டின் இரு கால்களும் தரையைத் தொட்டதை உறுதிசெய்துகொண்டு, உடல் எடை முழுவதையும் மிதியில் இறக்குங்கள். கை வண்டியை வழிநடத்தினால் போதும், தூக்க வேண்டியதில்லை. பின்பு ஸ்டாண்டை மடக்கி, அது சைலன்சரிலோ செயினிலோ உரசாமல் ரப்பரின்மேல் சாய்கிறதா என்று பாருங்கள். சில நாள் ஓட்டியபின் நட்டுகளை ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள்.

தனுஷ்கோடிச் சாலையில் காற்று வாரியிறைக்கும் மணல், வெளியே வழிந்த கிரீஸில் ஒட்டினால் உப்புத்தாள் போலத் தேய்க்கத் தொடங்கும். ஆகவே வழிந்ததைத் துடைத்துவிட்டு, உள்ளே இருப்பதை மட்டும் விட்டுவையுங்கள். பெயின்ட் உரிந்த இடங்களில் உடனே பெயின்ட் தொட்டு வையுங்கள். போர்வெல் தண்ணீர் உவர்ப்பாக உள்ள ஊர்களில் அதை அடித்துக் கழுவுவதைவிட, ஒரு செம்பு நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைப்பதே மேல்.

பிற்சேர்க்கை: பொருத்திப் பார்த்தவர்கள் கேட்டவற்றில் இரண்டை இங்கே சேர்க்கிறேன். சில வண்டிகளில் சைடு ஸ்டாண்டும் அதே தாங்கியில் இருப்பதால் அதைக் கழற்ற நேரும். அப்போது வண்டியைப் பின்சக்கரத்தைத் தாங்கும் பேடாக் ஸ்டாண்டில் ஏற்றிக்கொண்டுதான் தொடங்க வேண்டும், ஆளைப் பிடிக்கச் சொல்லிச் செய்யும் வேலையன்று. சேசிஸில் காதே இல்லாத வண்டிக்கு வெல்டிங் வைத்துப் பொருத்தலாமா என்பது மற்றொன்று. வேண்டாம். சூட்டில் அந்த இடத்துச் சட்டம் பலவீனமாகலாம். மின்சாரப் பாகங்களும் கெடலாம். அத்தகைய வண்டிக்குப் பேடாக் ஸ்டாண்டே போதும்.

ஸ்பிரிங்கின் வளைவு முனையில்தான் துரு முதலில் ஏறும். அது அறுந்தால் ஓடும் வண்டியில் ஸ்டாண்டு இறங்கிச் சாலையில் குத்தும் என்பதால், செயினுக்கு எண்ணெய் விடும்போதெல்லாம் அந்த வளைவை ஒருமுறை துடைத்துப் பார்த்து, கீறல் தெரிந்தால் அன்றே புதிய ஸ்பிரிங் மாற்றிவிடுங்கள்.