அடித்தள அறையில் ஈரமா? முதலில் இந்தச் சோதனை

சுவரில் ஈரம் கண்டதும் பெயின்ட் வாங்க ஓடாதீர்கள். சுவரைத் துடைத்து உலர்த்தி, ஓர் அடி பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் டேப்பால் இறுக ஒட்டி 2 நாள் விடுங்கள். தாளின் வெளிப்புறம் துளிகள் நின்றால், அறைக் காற்றின் ஈரமே குளிர்ந்து படிகிறது. புழுக்கமான நாளில் ஜன்னலைத் திறந்தால் இது கூடத்தான் செய்யும்! ஈரப்பதம் 50 சதவீதத்தைத் தாண்டாதபடி ஈரநீக்கிக் கருவியை ஓடவிடுங்கள்.

தாளின் உட்புறம் நனைந்திருந்தால் வெளி மண்ணிலிருந்து நீர் கசிகிறது. பெரும்பாலும் கூரைத் தண்ணீர்தான் காரணம். மழைநீர்க் குழாயின் வாயைச் சுவரிலிருந்து 6 அடியாவது தள்ளிக் கொண்டுபோங்கள். வீட்டைச் சுற்றி முதல் 10 அடிக்குள் தரை 6 அங்குலம் வெளிப்பக்கமாகச் சரிந்திருக்க வேண்டும். இதைச் செய்யாமல் உள்ளே பூசும் எந்தப் பெயின்டும் உப்பி உரிந்துவிடும்.