சாப்பாட்டுச் சொற்களில் தொடங்கும் கான்டனீஸ்

ஹாங்காங்கில் பேசும் சீன மொழியான கான்டனீஸ் கற்க வணக்கம், நலமா என்று தொடங்குவதைவிட மெனு அட்டையில் தொடங்குவது நல்லது. ஹாங்காங்கின் டீக்கடை உணவகங்களில் அதே சொற்கள் நாள் முழுக்கக் காதில் விழும். தப்பாகச் சொன்னால் வேறு தட்டு வந்து நிற்கும், திருத்தத்துக்கு ஆசிரியர் வேண்டாம்.

கீழே சொற்களின் பின்னால் வரும் எண், தொனியை, அதாவது பொருளையே மாற்றும் குரலின் ஏற்ற இறக்கத்தைக் குறிக்கும். ஹாங்காங் மொழியியல் கழகம் 1993இல் உருவாக்கிய, கான்டனீஸை ரோமன் எழுத்தில் எழுதும் யூட்பிங் முறையின் எண்கள் இவை.

படி 1: ஒலிகள்

இங்கே நமக்குக் கொஞ்சம் லாபம். பன்னுக்கு பாவ்1 என்று பெயர். அதன் ப, 'பால்' என்பதில் வரும் ப தான். 'பஸ்' என்பதன் ப அல்ல. முட்டை தான்6. கோழி கை1, தெரு காய்1. குறில், நெடில் பேதம் நமக்குப் பழகியதுதானே. வாத்து வகையில் பெரியதான கூஸ், ஙோ4. 'ஙப்போல் வளை' என்று படித்த ஙகரம் இங்கே பயன்படுகிறது. பலர் இப்போது அதை விட்டுவிட்டு ஓ4 என்றே சொல்கிறார்கள்.

இடறும் இடம் சொல்லின் கடைசி. கஞ்சி ட்ஸுக்1. நம் நாக்கு உகரம் சேர்த்து 'ட்ஸுக்கு' என்று முடிக்கப் பார்க்கும். க் வரும் இடத்தில் தொண்டையை அடைத்து அப்படியே நிறுத்துங்கள், காற்று வெளியே வரவே கூடாது. ஆப்3 (வாத்து) சொல்லும்போதும் உதடுகள் மூடியபடியே இருக்கட்டும்.

த்ஹ என்று எழுதியிருந்தால் மூச்சு சேர்த்துச் சொல்ல வேண்டும். வாய்க்கு முன்னால் உள்ளங்கையை வைத்தால் காற்று படும்.

படி 2: ஆறு தொனிகள்

விளக்கத்தை மனப்பாடம் செய்யாதீர்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு உணவுச் சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

1, உயரத்தில் சமமாக: கை1 (கோழி)
2, கீழிருந்து நன்றாக ஏறும்: ஹா1 காவ்2 (இறால் கொழுக்கட்டை), இரண்டாம் அசை
3, நடுவில் சமமாக: துங்3 (குளிர்ந்த)
4, தாழ்ந்து இன்னும் இறங்கும்: ட்ஸ்ஹா4 (டீ)
5, கீழிருந்து சிறிது மட்டும் ஏறும்: நாய்5 (பால்)
6, நடுவுக்குச் சற்றுக் கீழே சமமாக: ஃபான்6 (சோறு)

ஆம், பால் நாய்5 தான். சிரித்து முடித்துவிட்டுத் தொடருங்கள், இனி மறக்காது.

தொனி மாறினால் என்ன ஆகும்? த்ஹொங்1 சூப், த்ஹொங்2 மிட்டாய், த்ஹொங்4 சர்க்கரை. மூன்றையும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பழகுவதுதான் என் கணக்கில் மிகச் சிறந்த பயிற்சி. ஃபோர்வோ தளத்தில் ஒலிப்பதிவைக் கேட்டு, உங்கள் குரலையும் போனில் பதிந்து ஒப்பிடுங்கள்.

படி 3: ஆர்டர் கொடுக்கலாம்

ஐஸ் பால் டீ: துங்3 நாய்5 ட்ஸ்ஹா4. நடுவில் நின்று, கொஞ்சம் ஏறி, இறங்க வேண்டும். சூடாக வேண்டுமென்றால் முதலில் யித்6. சர்க்கரை குறைவாக என்றால் ஸியூ2 த்ஹிம்4, வேண்டவே வேண்டாம் என்றால் ட்ஸாவ்2 த்ஹிம்4. இதில் வரும் 'ட்ஸாவ்' நெடிலாக இழுபடாமல் குறுகி ஒலிக்கட்டும்.

கூடவே போ1 லோ4 பாவ்1, அன்னாசி பன். அன்னாசி ஒரு துண்டுகூட இருக்காது. மேலே வெடித்த சர்க்கரை ஓடு அன்னாசித் தோல் போலிருப்பதால் அந்தப் பெயர்.

பணியாளரைக் கூப்பிடவும், தட்டு வந்ததும் நன்றி சொல்லவும் ம்4 கொய்1 ஒன்றே போதும். ம் தனி அசை, அதற்கு முன்னால் உயிரெழுத்து வேண்டாம். பில்லுக்கு மாய்4 தான்1. இந்தத் தான்1 உயரத்தில் நிற்க வேண்டும், இறங்கிவிட்டால் முட்டையின் பக்கம் போய்விடும்.