கடலோர பங்களா அருங்காட்சியகமானால்: உப்பைக் கவனியுங்கள்

பழைய கடலோர பங்களாவை ஊர் அருங்காட்சியகமாக்கும்போது கூரை ஒழுகலைவிட அதிகம் படுத்துவது உப்பு. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு நீரை இழுத்துக் கரையும். குறைந்தால் மறுபடி படிகமாகும். இது மாறி மாறி நடப்பதால்தான் பூச்சு பொரிந்து உதிர்கிறது.

சுவரில் வெள்ளையாகப் பூத்ததை ஈரத்துணியால் துடைக்காதீர்கள், கரைந்து மறுபடி உள்ளே இறங்கிவிடும். உலர்ந்த மென்மையான பிரஷ்ஷால் தட்டி, வேக்குவம் கிளீனரால் உறிஞ்சி எடுங்கள். உதிர்ந்த இடத்தில் சிமென்ட் பூசலாம் என்று கொத்தனார் சொல்வார், கேட்காதீர்கள். ஈரம் வெளியேற வழியில்லாமல் மேலே ஏறி, பக்கத்துப் பழைய செங்கல்லை அரிக்கும். சுண்ணாம்புச் சாந்தே போதும், மேலே சுண்ணாம்பு வெள்ளை. பிளாஸ்டிக் எமல்ஷனும் ஈரத்தை அடைத்துவிடும்.

படச்சட்டங்களை வெளிச்சுவரோடு ஒட்டி மாட்டாமல், பின்னால் காற்று போக இடைவெளி விடுங்கள்.

வெண்கலப் பொருட்களைக் காற்றுப் புகாத கண்ணாடிப் பெட்டியில் சிலிக்கா ஜெல்லுடன் வைத்து, ஈரப்பதத்தை 40 சதவீதத்துக்குக் கீழே நிறுத்துங்கள். அதே பெட்டியில் மரச்சாமானோ தந்தமோ வேண்டாம். அந்த வறட்சியில் வெடித்துவிடும்.